பலுபியின் குவெரியில் புகுந்த வரி

பலுபிக்கு நட்சத்திரக் குறி என்றாலே ஆகாது. வானத்து நட்சத்திரம் இல்லை. தரவுத்தளத்திடம் ஒன்றைக் கேட்கும்போது, எது எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்காமல், ‘இருக்கிறதெல்லாம் கொடு’ என்பதற்குச் சோம்பேறிகள் போடுகிற ஒற்றைக் குறி. அப்படிக் கேட்கும் கேள்விக்கு ஆபீஸில் குவெரி என்று பெயர். ஜாவாவின் வடகரையில், கடல் பொங்கினால் தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிடும் ஒரு நகரத்தில், கல்வி அலுவலகத்துக் கணினி அறையில் உட்கார்ந்து குவெரி எழுதுவதுதான் அவள் பிழைப்பு. இருக்கிறதெல்லாம் கொடு என்று வாங்குகிறவன், என்ன வந்தது என்று திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது அவள் கட்சி.

அவள் எழுதும் விதமே தனி. கட்டளைச் சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு வரியில் அட்டவணையின் ஒரே ஒரு பத்தியின் பெயர்தான். அட்டவணைக்குச் சுருக்கப்பெயர் வைத்தாலும் ஏ, பி என்று மொட்டையாக வைக்க மாட்டாள். மாணவர் அட்டவணையா, பள்ளி அட்டவணையா என்று பார்த்தவுடன் புரிய வேண்டும். ‘அல்லது’ என்பதற்கு எழுதும் ‘ஆர்’ என்ற சொல் எங்கே வந்தாலும் அதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டுக் கட்டிவைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, யார் எழுதியது, எதற்கு எழுதியது, யார் சொல்லி எழுதியது என்று மூன்று வரி.

“திங்கட்கிழமை கொடியேத்தத்துக்குப் பிள்ளைங்க வரிசையா நிக்குமே, அது மாதிரி நிக்குது இபுவோட குவெரி. சல்யூட் அடிக்காததுதான் பாக்கி” என்பார் அறைத் தலைவர் பாக் மர்தோயோ. அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்களை இபு என்றும், ஆண்களைப் பாக் என்றும், வயதில் இளையவர்களை மாஸ் என்றும் அழைப்பார்கள்.

“வரிசையா நின்னாத்தான் பாக், எவன் புதுசா உள்ள வந்து நிக்கிறான்னு தெரியும்” என்பாள் பலுபி. சிரிக்க மாட்டாள்.

இந்தச் சந்தேகப் புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் வந்த சான்றிதழில், தாய் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. தந்தை பெயருக்கான இடத்தில் ஊர்ப் பெயர். பஸ் நிலையத்தில் நடத்துநராக இருந்த அப்பா சிரித்தார்: “பரவாயில்ல, நான் பெத்தேன்னுதானே போட்டிருக்கான்.” ஆனால் அதைத் திருத்த அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: “கம்ப்யூட்டர்ல அப்படித்தான்மா இருக்கு.” ஒரு குமாஸ்தா அவளையே சந்தேகமாகப் பார்த்து, “நிஜமாவே உங்க அம்மா பேர் இது இல்லையா?” என்று கேட்டான். அந்தப் பார்வை அவளுக்கு மறக்கவில்லை.

பின்னாளில் அதே துறையில் வேலை கிடைத்ததும், யாரும் பார்க்காத நேரத்தில் முதலில் தன் பெயரைத்தான் தேடினாள். தப்பு அப்படியே இருந்தது. அவளுடையது மட்டும் இல்லை, அந்த வருஷத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. யாரோ ஒருவர் பழைய அட்டவணையைப் புதியதில் கொட்டும்போது பத்திகளின் பெயரை எழுதாமல் நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். புதிய அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு பெண் தன் தாயைத் தாய் என்று நிரூபிக்க அலைந்தாள்.

அன்றிலிருந்து பலுபி எதையும் நம்புவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். குளிர்பெட்டி பழுது பார்க்கும் அவள் கணவன் சுகிரி, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே வாங்கி வந்தால், வாழையிலையைப் பிரித்து அடியில் கறுத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள். “என்னையும் இப்படித் திருப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா” என்று அவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுவான். அவள் மறுக்க மாட்டாள்.

இந்த அறைக்குத்தான் ஜலு வந்து சேர்ந்தான். ஒப்பந்த ஊழியன். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைநகரில் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு, மனைவிக்குப் பிரசவம் என்று ஊர் திரும்பியவன். வேலையில் கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். அவன் எழுதும் குவெரி ஒரே வரியில் வலது பக்கம் ஓடிக்கொண்டே போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது, எல்லாம் சின்னதுதான்.

“மாஸ் ஜலு, இதைப் படிக்கணும்னா நான் பஸ் ஏறிப் போகணும் போலிருக்கே?” என்றாள் பலுபி முதல் வாரத்திலேயே.

“மெஷினுக்குப் புரியுது இபு. அது இதுவரைக்கும் புகார் சொல்லல.”

“மெஷினுக்குப் புரிஞ்சா போதுமா? நாளைக்கு நீங்க இல்லாதப்போ நான் படிக்க வேண்டாமா?”

“நான் இல்லாமப் போறதுக்கு இப்பவே நாள் குறிச்சிட்டீங்களா?”

பாக் மர்தோயோ விழுந்து விழுந்து சிரித்தார். பலுபிக்குச் சுருக்கென்றது. இந்த ஆள் ஏன் எதற்கெடுத்தாலும் சிரித்து மழுப்புகிறான்? ஏன் சுவருக்கு முதுகைக் கொடுத்து, திரை யாருக்கும் தெரியாதபடி மேசையைப் போட்டிருக்கிறான்? ஒப்பந்தச் சம்பளத்தில் எப்படிப் புது மோட்டார் சைக்கிள்? கேள்விகளை மனதுக்குள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டாள், தன் குவெரியைப் போலவே.

மாணவர் சேர்க்கை வந்தது. அரசு நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண் பார்ப்பதில்லை. வீடு பள்ளிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு முன்னுரிமை. நகரச் சதுக்கத்தில் ஆலமரத்துக்கு எதிரே இருக்கும் பள்ளிக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். ஆலமரத்துப் பள்ளி என்றால் போதும், பெற்றவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று பிரித்துக்கொடுக்கும் குவெரி பலுபியுடையது. ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளும். அதைக் கேட்டவர்களில் காகிதம் சரியாக உள்ளவர்களைப் பொறுக்கும். தூரப்படி வரிசையில் நிறுத்தும். இடம் நிரம்பியதும் அடுத்த பள்ளிக்குப் போகும். முதலில் எடுப்பது ஆலமரத்துப் பள்ளியைத்தான்.

முடிவு வெளியான காலையில், ஆபீஸ் வாசலுக்கு எதிரே மெகோனோ சோறு விற்கும் தஸ்மி அக்காவிடம், ஊர் வழக்கில் யூ தஸ்மியிடம், பலுபி வழக்கம்போலப் போய் நின்றாள். பலாப்பிஞ்சும் தேங்காயும் துருவிப் போட்ட அந்தச் சோறு இல்லாமல் அவளுக்குக் காலை விடியாது. தஸ்மி இலையை எடுக்கவே இல்லை.

“என்ன யூ, தீந்துடுச்சா?”

“சோறு இருக்கு. உங்களுக்குக் குடுக்கக் கைதான் வரல.” தஸ்மி கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். “என் வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா ஆலமரத்துப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் திரும்பிப் பாப்பான். என் பையனுக்கு இடம் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம், மீன் ஏலக்கடைகிட்ட இருக்கிற பிள்ளைங்களுக்கு இடம் இருக்கு. அதுங்க என்ன, பறந்து வருமா?”

“யார் சொன்னது?”

“யார் சொல்லணும்? சுவத்துல ஒட்டியிருக்கீங்களே! எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? வித்துட்டீங்க இபு. உள்ள உக்காந்து வித்துட்டீங்க.”

சுற்றி நின்றவர்கள் பலுபியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. ஆனால் இப்போது அவள் மேசைக்கு மறுபக்கம் இருந்தாள்.

வயிறு காய, நேராக உள்ளே போய்த் தன் குவெரியைத் திறந்தாள். மேலே மூன்று வரி, அவள் பெயர், தேதி எல்லாம் சரி. கீழே வரிசையாக நிற்கும் வரிகள். பாதி தூரம் இறங்கியதும் கண் நின்றது. காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குப் பக்கத்தில், அதே வரியில், முழுக்கச் சின்ன எழுத்தில் ஒரு ‘ஆர்’ தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ‘எம்12 = 1’ என்று ஏதோ ஒன்று. எந்த அட்டவணை என்று முன்னொட்டு இல்லை. அடைப்புக்குறியும் இல்லை. கடைசியில் வரிசைப்படுத்தும் இடத்திலும் அதே எம்12 தூரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

அவள் எழுதியது இல்லை. செத்தாலும் அப்படி எழுத மாட்டாள். ஆனால் மேலே இருப்பது அவள் பெயர்.

தலையைத் தூக்கினாள். ஜலு தன் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் சந்தித்ததும் சட்டென்று குனிந்துகொண்டான். அறையில் சின்ன எழுத்தில் எழுதுகிறவன் ஒருத்தன்தானே?

எழுந்து பாக் மர்தோயோவின் அறைக்குப் போனாள். “பாக், என் குவெரியில யாரோ கை வச்சிருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாரு வைக்கப் போறாங்க? உங்களுக்குத்தான் எதப் பாத்தாலும்...”

“வெளிய போய்ப் பாருங்க. சனம் சண்டைக்கு நிக்குது.”

“வருஷா வருஷம் நிக்கும். இடம் கிடைக்காதவன் சும்மா போவானா? விடுங்க, நான் பாத்துக்கறேன்.” சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார், யாருக்கும் போடவில்லை, திரும்ப வைத்தார்.

அவரும் இதில் கூட்டா? பலுபி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். எம்12 என்றால் என்னவென்று தேடியதில், விண்ணப்பப் படிவத்தின் பன்னிரண்டாவது கேள்விக்கான பத்தி என்று மட்டும் தெரிந்தது. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது. என்ன கேள்வி என்பது படிவம் அடித்த பிரிவுக்குத்தான் தெரியும். கேட்டால் விஷயம் கசிந்துவிடும். கேட்கவில்லை. அந்தப் பத்தியில் ஒன்று என்று குறித்திருந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஒரே முகவரி, ஒரே தாய், ஒரே பிறந்த தேதி. பெயர் மட்டும் வேறு, அதுவும் ஒரே மாதிரி தொடங்கியது. லாரஸ், அடுத்த வரியில் லிரிஹ். பகஸ், பயு. இப்படியே ஜோடி ஜோடியாக, நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும், ஆலமரத்துப் பள்ளிக்குள் முன்வரிசையில்.

போலிப் பிள்ளைகள்! ஒரு வரியை நகல் எடுத்து, பெயரை மாற்றி, இல்லாத பிள்ளையின் பேரில் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். அப்புறம் பள்ளி திறந்ததும் அந்த இடத்தை வேண்டியவனுக்குத் தள்ளிவிடுவான். இது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தோன்றியதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பல நாளாக அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

நடு மதியம், ஜலு எதிர்த்த காபிக் கடையில் பள்ளிக் குழு ஆள் ஒருவரோடு தலையோடு தலை முட்டப் பேசிக்கொண்டிருந்ததையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அது போதும். மாடியில் இருக்கும் கண்காணிப்புப் பிரிவுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, ஜலுவின் பெயரையும் சொல்லிவிட்டாள்.

“ஆதாரம்?” என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

“அவர் எழுதற எழுத்து எனக்குத் தெரியும்.”

“கம்ப்யூட்டர்ல எல்லார் எழுத்தும் ஒண்ணுதானே இபு?”

“உங்களுக்கு ஒண்ணு. எனக்கு இல்ல.”

மறுநாள் ஜலுவை மேலே கூப்பிட்டார்கள். திரும்பி வரும்போது அவன் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் மேசைக் கணினியை ஓர் ஆள் வந்து கழற்றி எடுத்துப்போனான். கழற்றிய இடத்தில் விசைப்பலகை மட்டும் கிடந்தது, அதை வேண்டாம் என்று விட்டுவிட்டான். பாக் மர்தோயோ அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அன்று வீட்டில் சுகிரி கேட்டான்: “ஏம்மா, ஒரு பிள்ளையையாவது நேர்ல போய்ப் பாத்தியா?”

“இல்லாத பிள்ளைய எங்க போய்ப் பாக்கறது?”

“இல்லைன்னு யார் சொன்னா? நீதானே. நீ ஒருத்தர் சொன்னா நம்ப மாட்டியே, இப்ப நீ சொல்றத மட்டும் ஏன் நம்பற?”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் வழியை மாற்றினாள். லாரஸ், லிரிஹ் என்ற இரண்டு பெயரும் இருந்த முகவரி ஆற்றுக்கு அப்பால், மீன் ஏலக்கடைக்குப் பின்னால் இருந்தது. சந்தில் முந்தின நாள் ஏறிய கடல்நீர் இன்னும் வடியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து, கதவைத் தட்டினாள். ஒருவேளை இங்கே வீடே இருக்காது என்று நினைத்திருந்தாள்; வீடு இருந்தது.

கதவைத் திறந்தது ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டு வயதிருக்கும். இடது புருவத்தில் ஒரு சின்ன வடு.

“உன் பேர் என்னம்மா?”

“லாரஸ்.”

“லிரிஹ்னு யாராவது...”

“லிரிஹ்! உன்னத்தான் கேக்கறாங்க!”

உள்ளேயிருந்து அதே முகம் வந்தது. அதே மூக்கு, அதே முன்பல். புருவத்தில் வடு மட்டும் இல்லை. இரண்டும் அருகருகே நின்று, தண்ணீரில் நிற்கும் அரசாங்கச் சீருடைக்காரியை ஒரே மாதிரி தலை சாய்த்துப் பார்த்தன.

மீன் வாடையோடு கை துடைத்துக்கொண்டு தாய் வந்தாள். அவள் பெயர் சுமியாத்தி. சீருடையைப் பார்த்ததும் முகம் இறுகியது. “கல்வி ஆபீஸா? நல்ல வேளை வந்தீங்க. நானே வந்து சண்டை போடணும்னு இருந்தேன். யாருங்க என் பிள்ளைங்களோட இடத்தைத் திருடினது?”

“திருடினதா?”

“ரெண்டுக்கும் இந்தத் தெருக்கோடிப் பள்ளிக்கூடம்தான் கேட்டேன். நடந்து போயிரலாம். யாரு ஆலமரத்துப் பள்ளிக்கூடம் கேட்டா? ரெண்டு பஸ் மாறணும். தண்ணி ஏறினா பஸ்ஸும் வராது. எங்க இடத்தை வேற யாருக்கோ குடுக்கத்தானே எங்களைத் தூக்கி அங்க போட்டீங்க? ஏழைங்கன்னா எங்க வேணா தூக்கி எறியலாமா?”

“நீங்க... ஆலமரத்துப் பள்ளியைக் கேக்கவே இல்லையா?”

“படிவத்தை நானே எழுதினேன். ரெட்டைப் பிள்ளையான்னு ஒரு கேள்வி இருந்துச்சு, ஆமான்னு போட்டேன். அது ஒரு குத்தமா?”

பலுபி சந்துப் பக்கம் திரும்பினாள்.

திரும்பி நடக்கும்போது தண்ணீருக்குள் கால் எங்கே படுகிறது என்றே அவள் பார்க்கவில்லை. எம்12. இரட்டைப் பிள்ளையா? அந்தத் தொங்கும் ‘ஆர்’ கண் முன்னால் வந்து நின்றது. இந்தப் பள்ளியைக் கேட்டிருக்க வேண்டும், அதோடு காகிதம் சரியாக இருக்க வேண்டும், அல்லது இரட்டையராக இருக்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாததால் இயந்திரம் அதைத் தன் வழியில் பிரித்துப் படித்திருக்கிறது: பள்ளியைக் கேட்டவர்களில் காகிதம் சரியாக உள்ளவர்கள் ஒரு பக்கம், இரட்டையர் யாராக இருந்தாலும், எந்தப் பள்ளியைக் கேட்டிருந்தாலும், இன்னொரு பக்கம். முதலில் எடுத்த பள்ளி ஆலமரத்துப் பள்ளி. நகரத்தில் உள்ள அத்தனை இரட்டையரையும் அது வாரி விழுங்கிவிட்டது. யாரும் எதையும் விற்கவில்லை. யாரும் பொய்ப் பிள்ளையைப் பெறவில்லை.

ஆபீஸில் நேராகப் பாக் மர்தோயோவிடம் போனாள். கால் நனைந்திருந்தது, செருப்பு இன்னும் கையில் இருந்தது.

“பாக், ரெட்டைப் பிள்ளைங்க விஷயம். யார் சொல்லி எழுதினது?”

அவர் அவளுடைய நனைந்த காலைப் பார்த்தார். பிறகு, “நான்தான்” என்றார். “போன வருஷம் ஒரு ஜோடியைப் பிரிச்சுட்டோம். ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. அதுல ஒரு பிள்ளை மாசக்கணக்கா பள்ளிக்கூடமே போகல. அந்தத் தாய் வந்து இதே நாற்காலியில உக்காந்து அழுதா. அதான் ஒரே பள்ளிக்கூடத்தைக் கேட்டா, காகிதத்துல குறை இருந்தாலும், ரெண்டையும் முன்னாடி வைக்கணும்னு கடைசி நேரத்துல உத்தரவு வாங்கினேன். ஜலுவைக் கூப்பிட்டுச் சேக்கச் சொன்னேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க என்ன கேப்பீங்க? முத்திரை குத்தின காகிதம் கேப்பீங்க. அது வந்தா, அந்தக் கையெழுத்து யாருதுன்னு கேப்பீங்க. மறுநாள் முடிவு வெளியிடணும். ‘இபுகிட்ட சொல்லிடலாமா’ன்னு அவன் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். அவனா சொல்லவும் கூடாதுன்னு வாயைக் கட்டிட்டேன்.”

“அவரை மேல கூப்பிட்டு விசாரிச்சாங்களே? அப்பவும் நீங்க வாய் திறக்கலையே பாக்?”

பாக் மர்தோயோ மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். “இன்னிக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். அதைப் பலுபி நம்பவில்லை. ஆனால் அவரைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. மாடிப்படி ஏறி ஜலுவின் பெயரைச் சொன்னது அவர் இல்லையே.

ஜலு பின்பக்கம், மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து கிராம்புச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பலுபியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“மாஸ் ஜலு, தப்பு நடந்துடுச்சு.”

“உங்க தப்பா, என் தப்பா? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“ரெண்டும்தான்.” அவள் ‘ஆர்’ விஷயத்தைச் சொன்னாள். அவன் சிகரெட்டைக் கீழே போட்டான். முகம் மாறியது. தப்பு எங்கே என்று அவனுக்குச் சொல்லி முடிக்குமுன்பே புரிந்துவிட்டது.

“அடைப்புக்குறி...” என்று முனகினான். பிறகு கசப்பாகச் சிரித்தான். “சின்ன எழுத்துல எழுதறவன் திருடன்னு சொன்னீங்களாமே மாடியில? என் விசைப்பலகையைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? வந்த நாள்லேர்ந்து அதுல ரெண்டு ஷிஃப்ட் பட்டனும் வேலை செய்யல. புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். பெரிய எழுத்துக்கும் அது வேணும், அடைப்புக்குறிக்கும் அது வேணும்.”

அவன் கேலியாகச் சொல்கிறானா, நிஜமாகவே அதனால்தான் விட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு எப்போதும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

“காபிக் கடையில அந்தப் பள்ளிக் குழு ஆளு...”

“என் சகலை இபு. குழந்தைக்குப் பேர் வைக்கிற விருந்துக்கு ஆடு பேசிக்கிட்டிருந்தோம். அந்த மோட்டார் சைக்கிளும் அவருதுதான், ஓட்டிக்கோன்னு குடுத்திருக்கார். வேற ஏதாவது மிச்சம் இருக்கா?”

இருந்தது. மேசையை ஏன் சுவரோரம் போட்டான் என்பது. கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாடிப்படி ஏறினாள். அதே அதிகாரியிடம், தான் சொன்னது தவறு, கூடுதல் வரி தலைவரின் உத்தரவுப்படி எழுதப்பட்டது, அதில் உள்ளது பிழை, மோசடி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “முந்தாநாள் அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்களே இபு. இன்னிக்கு மாத்திச் சொல்றீங்க. யாராவது மிரட்டினாங்களா?”

“யாரும் மிரட்டல.”

“நிஜமாவா?”

பழைய குமாஸ்தாவின் அதே பார்வை. “நிஜமா” என்றாள் பலுபி, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

குவெரியைத் திருத்தி மறுபடி ஓட்டுவது என்று முடிவானது. வாசலில் பெற்றோர் கூட்டம் நெருக்கியடித்தது. பாக் மர்தோயோ ஒலிபெருக்கியைப் பிடித்து, “தொழில்நுட்பக் காரணங்களால்” என்று ஆரம்பித்ததும் கூச்சல் வானத்தைத் தொட்டது. பலுபி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“நீங்க ஒருத்தர்கிட்ட, ‘இந்தக் கூட்டத்துல நம்ம தெருக்காரங்க, அதுலயும் சட்டை போட்டவங்க, இல்லாட்டி மீசை வச்சவங்க, எல்லாரையும் கூட்டிட்டு வா’ன்னு சொல்றீங்க. அவன் ஊர்ல இருக்கிற மீசைக்காரனையெல்லாம் கூட்டிட்டு வந்துட்டான். நீங்க நெனச்சது நம்ம தெரு மீசைக்காரனை மட்டும். எங்க கம்ப்யூட்டர்ல நடந்தது அதுதான். மீசைக்குப் பதிலா ரெட்டைப் பிள்ளைங்க. எழுதினது எங்க தப்பு. யாரும் காசு வாங்கல.”

“அப்ப ஆலமரத்துப் பள்ளிக்கூடம் கிடைச்ச ரெட்டைங்க?” என்று ஒரு தகப்பன் கத்தினான். “எங்களுக்குக் கிடைச்சிருக்கு. இப்பப் புடுங்கிடுவீங்களா?”

“நீங்க அதைக் கேட்டிருந்தா உங்களுக்கே. கேக்கலைன்னா இல்ல.”

“காலையில குடுக்கறது, சாயங்காலம் புடுங்கறது! இதுல ஏதோ இருக்குய்யா” என்றான் அவன், பக்கத்தில் இருந்தவனிடம். பக்கத்தில் இருந்தவன் தலையாட்டினான்.

புதிய முடிவு ஒட்டப்பட்டது. லாரஸுக்கும் லிரிஹுக்கும் தெருக்கோடிப் பள்ளி கிடைத்தது. ஆலமரத்துப் பள்ளியைச் சுற்றி இருந்த பிள்ளைகள் பலர் உள்ளே வந்தார்கள். யூ தஸ்மியின் மகன் வரவில்லை. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு அவள் வீட்டைவிட ஒரு சந்து கிட்டே இருந்தது.

தஸ்மி கூச்சல் போடவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே, “ரெண்டு தடவை ஒட்டினீங்க. ரெண்டு தடவையும் என் பையன் இல்ல. மீசைக் கதை நல்லா இருந்துச்சு இபு” என்றாள்.

பலுபி அன்றே வரைபடத்தில் தஸ்மியின் வீட்டுப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். திரையில் பார்த்தது போதாமல், மறுநாள் அந்தச் சந்துக்கே போய் நின்று பார்த்தாள். புள்ளி சரியாகவே இருந்தது. தஸ்மி ஜன்னல் திரையை விலக்கி, இவள் எதற்காக வேவு பார்க்கிறாள் என்று பார்த்தாள். பலுபிக்கு அங்கிருந்து எப்படி நகர்வது என்று தெரியவில்லை. சும்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பையன் சந்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தான். மெகோனோ சோறு மறுபடி கிடைக்கத் தொடங்கப் பல மாதங்கள் ஆயின. கிடைத்தபோதும் மேலே வைக்கும் பொரித்த டெம்பேத் துண்டு பழைய அளவில் இல்லை.

ஜலுவின் ஒப்பந்தம் நீடித்தது. புது விசைப்பலகையும் வந்தது. இப்போது அவன் கட்டளைச் சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதுகிறான், ஆனால் வரி இன்னும் வலது பக்கம் ஓடத்தான் செய்கிறது. பலுபியோடு காபி குடிக்க மாட்டான். அவளும் வற்புறுத்துவதில்லை. ஒரே ஒரு மாற்றம் மட்டும் வந்தது. அது யாரும் போட்ட உத்தரவு இல்லை, தானாகவே வந்தது. யாராவது பொதுக் குவெரி ஒன்றைத் தொடப்போனால் முதலில் அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுவார்கள்.

“இபு, சேர்க்கைக் குவெரியில கை வைக்கிறேன்” என்பான் ஜலு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எந்த வரி?”

“தூரத்துக்குக் கீழ.”

“படிங்க, கேக்கறேன்.”

அவன் சத்தமாகப் படிப்பான், அடைப்புக்குறி திறப்பதையும் மூடுவதையும்கூட. கேட்டு முடித்து, “வைங்க” என்பாள். அவள் தன்னுடையதைத் தொடும்போதும் அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டுவாள். அவன் ஒரு தடவைகூடச் சும்மா ‘சரி’ என்று சொன்னதில்லை. “மறுபடி படிங்க இபு. அந்த ‘ஆர்’ எங்க மூடுது?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். அவனுக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அது ஒன்றும் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி மறுபடி முதலிலிருந்து படிப்பாள்.